நூற்றுப்பதினேழு நாள்

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள், புதன்கிழமை, என் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மதியம் 12.30 வரை வரவு ரூ. 17,38,600. என் கணிப்பு 17 லட்சம். சரி."

'சரி'யின் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன். அதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். வரிசை மட்டும்தான் எனக்கு ஓரளவு வரும்.

தேரடித் தெருவில் ஒரு மாடியில் இருந்த நிதி நிறுவனத்தில் இரண்டு வருடம் காசாளராக வேலை பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு வேங்கிக்காலில் வங்கித் தேர்வுக்கான வகுப்பு. விரிவாக எழுதும் தாளில் நான் மோசம். தினமும் ஒரு பக்கம், அன்றைய வேலையைப் பற்றி எழுதுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு வாரம் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. திறமையால் அல்ல, விட்டால் ஏதோ தப்பு செய்த மாதிரி இருக்கும் என்பதால்.

எழுத வேறு விஷயம் இல்லாததால் அன்றைய வரவையும் செலவையும் எழுதினேன். பக்கத்தின் மேல் தேதியோடு, தினசரி காலண்டரில் போட்டிருக்கும் வளர்பிறை, தேய்பிறையையும் குறித்துவந்தேன். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பௌர்ணமிக்கு நான்கைந்து நாள் முன்பு எங்கள் பெட்டி காய்ந்துபோகும். கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள் சரக்கு வாங்கப் பணம் எடுப்பார்கள். பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை அதே ஆட்கள் கசங்கிய நோட்டும் சில்லறையுமாக வந்து நிற்பார்கள். மற்ற ஊர் நிதி நிறுவனங்களுக்குச் சம்பளத் தேதி எப்படியோ, எங்களுக்கு நிலா அப்படி.

அந்த வாரம் வகுப்பில் நீர்மைத்தன்மை பற்றிப் பாடம் நடந்தது. ஒரு நிறுவனத்துக்குச் சொத்து எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, கேட்கிற நேரத்தில் கையில் ரொக்கம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி என்றார் ஆசிரியர்.

"எங்க மாமா மாதிரி சார்," என்றான் பின் வரிசையில் இருந்த திருமலை. "ரெண்டு ஏக்கரா நெலம் கீது. பஸ்ஸுக்கு என் கிட்ட தான் காசு கேப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன்: எங்கள் நிறுவனமும் மாமா மாதிரிதான். மக்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று பணம் போடுகிறார்கள். நாங்கள் அதை மனை பிரிப்பவர்களுக்கு ஐந்து வருடக் கடனாகக் கொடுத்திருக்கிறோம். மனை விற்றால்தான் பணம் வரும். ஆனால் நிலா மாதாமாதம் வருகிறது, அதனால் சமாளிக்கிறோம்.

எழுதியபோது அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதக் கணக்கைச் சேர்த்து, கட்டம் போட்ட தாளில் ஒரு வரைபடம் வரைந்தேன். வரும் நான்கு பௌர்ணமிகளுக்கும் எவ்வளவு வரும் என்று புள்ளிக்கோடு போட்டேன். சித்திரைக்குப் பிறகு கோடு இறங்கும், ஆடியில் படுக்கும், ஆவணியில் பதினேழு லட்சத்துக்கு ஏறும். சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள், வியாழக்கிழமை, அதை மேலாளர் குமரேசன் சாரிடம் காட்டினேன்.

குமரேசன் சார் எங்கள் ஊர்க்காரர். அப்பா இறந்தபின் வேலை வாங்கிக் கொடுத்தவர். மாலை வகுப்புக்கு முதல் தவணை கட்டியவரும் அவர்தான். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நீயே போட்டதா சிந்து?"

"ஆமா சார். தப்பா இருக்கலாம் சார்."

"தப்பா? பதினஞ்சு வருஷமா இங்க ஒக்காந்து கீறேன், எனக்கு இது தோணல. ஒரு காப்பி எடுத்துக் குடு."

அன்று நோட்டில் அரைப் பக்கம் முழுக்க அவருடைய அந்த வார்த்தைகள்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இயக்குநர் ஒருவரின் மனைவி பெயரில் இருந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்கச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்றேன்.

"நூத்திப்பதினேழு."

எங்களிடம் தொண்ணூறு நாள், நூற்றெண்பது நாள், ஒரு வருடம், இவைதான் வழக்கம். நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஜோசியர் நாள் குறிச்சுக் குடுத்துட்டாராம்மா. அன்னிக்கித் தான் பணம் கைக்கு வரணுமாம். பெரிய எடத்து சமாச்சாரம், நமக்கு இன்னா."

நல்ல நாள் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ராகு காலம் முடியட்டும் என்று படியிலேயே உட்கார்ந்திருப்பவர்களை வாரம் ஒருமுறையாவது பார்ப்பேன். நம்பினேன். அடுத்த புதன் இன்னொன்று, நூற்றுப்பன்னிரண்டு நாள். சனிக்கிழமை ஒன்று, நூற்றொன்பது. இப்படிப் பத்துப் பேர், எல்லோரும் இயக்குநர்களுக்கு வேண்டியவர்கள். மே மாதக் கடைசியில் பதினோராவதாக என் அம்மா ராஜம்மாளின் அறுபதாயிரம்.

"தொண்ணூத்தாறு நாள் போடு. அம்மாவுக்கும் நல்ல நாளா இருக்கட்டும்," என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்தது நான்தான்.

ஆடியில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு நிதி நிறுவனம் கதவைச் சாத்தியது. வெளியே ஜனங்கள் நிற்கும் படம் எல்லோருடைய போனிலும் வந்தது. எங்கள் கவுண்டரிலும் கேட்க ஆரம்பித்தார்கள். "உங்க மூஞ்சியைத் தான் பாப்பாங்க," என்று குமரேசன் சார் காசாளர்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "பயந்த மாதிரி இருந்தா அவ்ளோ தான். சிரிச்ச மொகமா இருங்க." பக்கத்துக் கவுண்டர் தேவிப்ரியா வெளியே வந்ததும், "சம்பளத்தைக் கம்மியா குடுத்துட்டு சிரிப்பை ஜாஸ்தியா கேக்கறாரு," என்றாள்.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பு பாஞ்சாலை அக்கா வந்தார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம், சுக்குக் காப்பியும் சுண்டலும் விற்பவர். பதினோரு வருடமாக ஒரே இடம். அந்த இடம் வேறொருவருடைய பட்டா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாடகை. சொந்தக்காரர் இப்போது விற்கிறார். அக்காவின் கடை நிற்கும் ஒன்றரை சென்டை அவருக்கே தருவதாகப் பேசி, முன்பணம் பத்தாயிரம் வாங்கியிருந்தார். ஆடி முடியட்டும் என்று நிறுத்திவைத்து, பௌர்ணமி கழிந்த வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு என்று முடிவாகியிருந்தது. பணம் வியாழக்கிழமைக்குள் சொந்தக்காரரின் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். எங்களிடம் அக்காவுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. முதிர்வுத் தேதி தாண்டிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

"பாப்பா, மொத்தத்தையும் அந்தாளு கணக்குல ஏத்திடு. போன்ல இன்னா இன்னாவோ காட்டறாங்க."

உள்ளே போய்க் கேட்டேன். "இன்னிக்கு இருப்பு இன்னான்னு உனக்கே தெரியும்," என்றார் குமரேசன் சார். "பௌர்ணமி முடிஞ்சு வரச் சொல்லு. உன் கோடு தான் ஏறுதே."

என் கோடு. அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வெளியே வந்து அக்காவிடம் அவருடைய வார்த்தையைச் சொல்லவில்லை, என்னுடையதைச் சொன்னேன்.

"அக்கா, இப்ப பெட்டி காஞ்சு கெடக்கும். புதன்கெழமை நெறைஞ்சுடும், நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். அன்னிக்கு வாங்க. பௌர்ணமி வசூலையும் கொண்டாந்து கட்டிட்டீங்கன்னா எல்லாத்தையும் சேத்து ஒரே தபா அனுப்பிடலாம்."

"நீ சொல்றியா, அந்தாளு சொல்றாரா?"

"நான் சொல்றேன் அக்கா."

"நீ சொன்னா சரி," என்று பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கே படி முழுக்க ஆட்கள். இரவெல்லாம் கடையில் நின்றவர்கள், கண் சிவந்து, சட்டையில் சூட வாசனையோடு. எங்கள் இருவர் கவுண்டரிலும் வரிசை கீழே தெரு வரை. பாஞ்சாலை அக்கா பத்தரைக்கு என் முன் வந்தார். மஞ்சள் பையிலிருந்து பத்தும் இருபதுமாக எடுத்து வைத்தார். பதினெட்டாயிரத்து நானூறு. இரண்டு முறை எண்ணினேன். எண்ணும்போது எதிரே கணினியில் மொத்த வரவு பத்து லட்சத்தைத் தாண்டுவதைப் பார்த்தேன். என் கணிப்பு பலிக்கப்போகிறது. எனக்கு ஒன்று சரியாக வருவது அபூர்வம்.

"மூணு மணிக்கு வாங்க அக்கா. பணம் பேங்குக்குப் போயி கணக்குல ஏறணும்."

"வூட்டுக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடறேன்."

பன்னிரண்டரைக்கு வரவை நிறுத்தினோம். பணம் ஆட்டோவில் வங்கிக்குப் போனது. நான் நோட்டை எடுத்து அந்த வரியை எழுதி, கோடு போட்டேன்.

ஒன்றரை மணிக்குக் குமரேசன் சார் பதினோரு ரசீதுகளைக் கொண்டுவந்து வைத்தார். "இன்னிக்கு முதிர்வு. அனுப்பிடு."

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர், தொகை, முதிர்வுத் தேதி, கையெழுத்து, வங்கிக் கணக்கு எண். ஒரு தவறும் இல்லை. பதினொன்றாவது அம்மாவுடையது. கூட்டிப் பார்த்தேன், பதினேழு லட்சத்து இரண்டாயிரம்.

"சார், பாஞ்சாலை அக்காவுக்கு இன்னிக்கு அனுப்பணும் சார்."

"லேஅவுட்டுக்காரங்க கிட்டேர்ந்து மூணு மணிக்கு இருபது லட்சம் வருது. அதுல போடு."

நான் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். அவர் தன் போனில் ஒவ்வொன்றாக அனுமதித்தார். பதினொன்றும் முடிய நாற்பது நிமிடம் ஆனது.

மூன்று மணிக்கு எதுவும் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. வங்கிக்கு நாங்கள் தரவேண்டியிருந்த முப்பத்து மூவாயிரத்தை அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது போக, கணக்கில் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் இருந்தது. பாஞ்சாலை அக்கா தலை வாரி, வேறு புடவை கட்டி, சொந்தக்காரரின் வங்கிப் புத்தக நகலோடு கவுண்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அறைக்குள் போனேன். குமரேசன் சார் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வராதா சார்?"

"ஒக்காரு சிந்து."

உட்காரவில்லை.

"ஆறு மாசமா ஒரு மனை விக்கல. கடன் திரும்பாது. இது நாள்பட்ட விசயம். என்னிக்காவது ஒரு நாள் சாத்தித் தான் ஆவணும். சாத்தற அன்னிக்கு இருக்கற பணத்தை யாருக்குக் குடுக்கறதுன்றது தான் கேள்வி. எல்லாருக்கும் பிரிச்சா ஆளுக்கு ஆயிரம் கூட வராது."

"அவங்களுதும் முதிர்வு தாண்டினது தான் சார். அவங்க ஆறு நாள் முன்னாடியே கேட்டாங்க."

"யாருக்கு முதல்ல குடுக்கணும்னு ரசீதுல எழுதி கீதா? நான் ஒரு பைசா எடுக்கல. வேணும்னா தேடிப் பாரு. நீ அனுப்பினது எல்லாம் சட்டப்படி சரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அம்மாவை வுட்டுட்டனா? அப்பா இல்லாத புள்ளைன்னு தானே சேத்தேன்."

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் என் வரைபடத்தின் நகல் இருந்தது. ஆவணியைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். மறைக்கவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பணம் இல்ல அக்கா," என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. அவர் கத்தவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நகலை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "காலைல வாங்கினதாவது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினார்.

மறுநாள் கதவில் பூட்டு. தெருவில் சுண்டல் விற்பவர்களும் பூ விற்பவர்களும் நின்றார்களாம். நான் போகவில்லை. வீட்டில் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து நூற்றுப்பதினேழு. புதனிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு. சனியிலிருந்து நூற்றொன்பது. எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே புதன்கிழமையில் வந்து நின்றது. ஜோசியர் யாரும் இல்லை. முதல் தேதி, நான் வரைபடத்தைக் காட்டியதற்கு மறுநாள். ஒரு ராத்திரிதான் குமரேசன் சார் யோசித்திருக்கிறார். அதன்பின் நூற்றுப்பதினேழு நாள் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிறது கிளம்பு என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருடைய அந்த அக்கறை பொய் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. பொய் என்றால் அம்மாவின் ரசீது எதற்கு? உண்மை என்றால் மற்ற பத்தையும் என் கையாலேயே போட வைத்தது எதற்கு?

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம பணம் தானேடி," என்றார் அம்மா. "நூறு நாள் வேலைக்குப் போயி சேத்தது. திருடுனதா?"

"இல்லம்மா. ஆனா அது நமக்கு வந்த வழி..."

"வழி இன்னா வழி. வராதவங்களுக்குத் தான் வழி இல்ல."

அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை காலை அம்மாவே வங்கிக்கு வந்து பதினெட்டாயிரத்து நானூறு எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு மேல கேக்காத," என்றார். கேட்கவில்லை. புதன்கிழமை காலை என் கையால் எண்ணி வாங்கியது அவ்வளவுதான். அதற்கு முந்தைய இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என் கையில் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான கணக்குதானா என்று இன்றும் தெரியாது.

ஷேர் ஆட்டோவில் அடி அண்ணாமலையில் இறங்கினேன். பாஞ்சாலை அக்காவின் கடை இருந்த இடத்தில் நான்கு மூலையிலும் புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையே வேறொருவருக்குப் பதிவாகிவிட்டது. அக்கா எதிர்ப்பக்கம், ஒரு புளியமரத்தடியில் தன் அடுப்பையும் பாத்திரங்களையும் போட்டுவைத்து, கழுவிக்கொண்டிருந்தார்.

பணத்தை நீட்டினேன். வாங்கி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு முறை எண்ணினார். நான் எண்ணிய மாதிரியே.

"மீதி?"

"தெரியல அக்கா."

"இதுவும் அந்தாளு குடுத்து வுட்டதா?"

"இல்ல அக்கா. எங்க அம்மா பணம். எங்களுக்கு அன்னிக்கு வந்துடுச்சு."

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரைபடம், வட்டம், பதினோரு ரசீது, நூற்றுப்பதினேழு நாள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அக்கா பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். 'சரி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"கவுண்டர்ல நான் உன் மூஞ்சியைத் தான் பாத்துட்டு இருந்தேன்," என்றார். "என் பணத்தை எண்ணும்போது நீ சிரிச்ச. எனக்காக பாப்பா சந்தோசப்படுதுன்னு நெனச்சேன்."

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறோம். இந்தப் பக்கத்துலேர்ந்து நாப்பது பேரு. அந்தாளு எல்லாம் சட்டப்படின்னு தான் சொல்லுவான். நீ எழுதிக் குடு. உன் கையால. நான் முன்னாடியே கேட்டது, நீ பௌர்ணமி முடிஞ்சு வரச் சொன்னது, அவங்களுக்கு அனுப்பினது, தேதி, நேரம், எல்லாம்."

"எழுதினா என்னையும் சேத்துக் கூப்பிடுவாங்க அக்கா. எல்லாத்துலயும் என் பேரு தான் இருக்கு. பரீட்சை வேற..."

"கூப்புடுவாங்க," என்றார் அக்கா. அதை மறுக்கவோ ஆறுதல் சொல்லவோ இல்லை. சுண்டல் மடிக்க வைத்திருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து, கவிழ்த்த குண்டான் மேல் வைத்தார்.

நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன். சித்திரைப் பௌர்ணமியிலிருந்து ஆரம்பித்தேன். வரைபடத்தை யார் வரைந்தது என்று எழுதினேன். பத்துப் பெயர்களையும், பதினொன்றாவதாக அம்மாவின் பெயரையும் எழுதினேன். பாதையில் ஒரு வெளியூர்க் குடும்பம் வெறுங்காலோடு நடந்துவந்து காப்பி இருக்கிறதா என்று கேட்டது. இன்று இல்லை என்றார் அக்கா.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாயை இரண்டு முறை எண்ணி வாங்கினேன் என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்தேன். அக்கா என் தோளுக்கு மேலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சதையும் எழுது," என்றார்.

முற்றுப்புள்ளியை அடித்துவிட்டு எழுதினேன்.